உள்பக்கத்துச் சூடு

சூ
12 பிப்ரவரி 1984

சத்வாகாஸ் அண்ணனுக்கு,

உங்கள் சகலை கைரொல்லாவின் சலாம். ஆடுமாடு சுகமா? உயிர்கள் சுகமா? இந்தக் குளிர்காலத்துக்கு அறுத்த குதிரை கொழுப்பாக இருந்ததா? மக்பால் அக்கா இன்னமும் கிரேன் மேலிருந்து கீழே நிற்பவர்களைத் திட்டிக்கொண்டுதான் இருக்கிறாளா? அக்கா திட்டு காதில் விழாமல் என் வீட்டுக்காரி பிபிகுலுக்கு இந்தச் சூ ஊரே பிடிக்கவில்லையாம்.

நாங்கள் நலம். சர்க்கரை ஆலையில் என்னைக் குழாய் பூட்டப் போட்டிருக்கிறார்கள். பதினெட்டு வருடம் வெல்டிங் பிடித்தவன், இப்போது ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு பீட்ரூட் சாற்றில் வழுக்கி விழுந்துகொண்டிருக்கிறேன். இங்கே ஒருத்தன் குழாயைப் பற்றவைப்பதைப் பார்த்தால் கோழி கிளறியது மாதிரி இருக்கிறது. வாயைத் திறக்காமல் நிற்கிறேன். வெல்டர் முத்திரை பறிபோனவன் பேச்சை யார் கேட்பார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி பதினேழாம் தேதி நிலக்கரி முற்றத்துக் கிரேனின் இரண்டு கால்களிலும் நாம் செய்த ரிப்பேரை மறந்திருக்க மாட்டீர்கள். வெளியே மைனஸ் முப்பத்தொன்று. ஐந்து சென்டிமீட்டர் தடிமன் தகடு. வெல்டிங் தொடங்குமுன் தகடு முழுவதும் நூற்றைம்பது டிகிரிக்கு ஏற வேண்டும் என்பது விதி. அதற்கு ஆறு மணி நேரமாவது தீ காட்ட வேண்டும். இரண்டு மணி நேரத்தில் நீங்கள் வந்தீர்கள். சூடு பார்க்கும் மெழுகுக்குச்சி தீர்ந்துபோயிருந்தது. தகட்டில் எச்சிலைத் துப்பினீர்கள். அது சுர்ரென்றது. "பாரு, பொரியுதுல்ல? நூத்தம்பது இருக்கும். ஆரம்பிடா சகலை, சாயங்காலத்துக்குள்ள கிரேன் ஓடணும்" என்றீர்கள்.

மூன்றாம் நாள் இடது கால் வெடித்தது. கிரேன் சாய்ந்து, கீழே சுமை கட்டிக்கொண்டிருந்த நூர்பெயிஸின் பாதம் போயிற்று. விசாரணையில் 'வெல்டர் ஈரமான ராடு பயன்படுத்தினான்' என்று எழுதினார்கள். "ஒரு வருஷம் வாய மூடிக்கிட்டு எங்கயாவது போ, முத்திரைய நான் திரும்ப வாங்கித் தரேன்" என்று சொன்னீர்கள். மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

இடது காலைப் புதிதாகச் செய்தாயிற்று. வலது கால்? அதே நாள், அதே எச்சில். அதை வெட்டி எடுத்துவிட்டு முறையாகச் சூடேற்றிப் பற்றவைத்தீர்களா என்று ஒரு வரி எழுதுங்கள். எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

கைரொல்லா


தாஸ்கோமிர்
1 மார்ச் 1984

அன்புள்ள சகலை கைரொல்லாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீங்கள் இருவரும் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. எங்கள் பக்கம் ஆடுமாடு, உயிர்கள் எல்லாம் சுகம். குதிரை நல்ல கொழுப்பு, விலா எலும்புக்கு மேல் நான்கு விரல் கனம். ரயிலில் வரும் ஓமாரிடம், அந்த இறைச்சியைக் குடலில் அடைத்த காஸி இரண்டு வளையம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். பிபிகுல் அதை அதிகம் வேகவைத்துக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்.

இங்கே பனிப்புயல் நான்கு நாள் அடித்தது. எங்கள் மூத்தவள் கணக்கில் முதலாவதாக வந்திருக்கிறாள். மக்பால் மார்ச் எட்டு மகளிர் தினத்துக்கு ஆலையில் பரிசு வாங்கப் போகிறாள், சமோவார் என்று பேசிக்கொள்கிறார்கள். எங்களிடம் ஏற்கெனவே மூன்று சமோவார் இருக்கிறது.

சூவில் காற்று நன்றாக இருக்கும், உன் நெஞ்சுக்கு அது நல்லது. வெல்டிங் புகை போதும் உனக்கு. ஓய்வு என்று நினைத்துக்கொள். வீணாக மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே.

என்றும் நலம் நாடும்
சத்வாகாஸ்


சூ
10 மார்ச் 1984

சத்வாகாஸ் அண்ணனுக்கு,

சலாம். காஸி வந்தது. தின்றோம். உங்களுக்கு ஆயுள் நீளட்டும்.

குதிரைக் கொழுப்பை விரல் வைத்து அளந்து எழுதியிருக்கிறீர்கள். சமோவாரை எண்ணி எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பக்கத்தில் வலது காலைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. என் கடிதத்தில் அந்த இடம் மட்டும் பனியில் நனைந்து அழிந்துபோயிற்றா? யாருக்கு அண்ணா காது குத்துகிறீர்கள்?

நீங்களும் வெல்டராக இருந்து மேலே போனவர்தான். உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் எடுக்கிறேன். குளிர்ந்த தடித் தகட்டில் நெருப்பை வைத்தால், சுற்றியிருக்கும் இரும்பு அந்தச் சூட்டை ஒரே மடக்கில் குடித்துவிடும். வெல்டிங் பற்று சட்டென்று ஆறி, கண்ணாடி மாதிரி நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். வெளியே பார்க்க அழகாக இருக்கும். நீங்கள்கூட அன்றைக்கு என் முதுகில் தட்டி, "மணமகள் ஜடை மாதிரி போட்டிருக்கடா"ன்னு சொன்னீர்கள். விரிசல் அன்றைக்கு வராது. மூன்று நாளில் வரும், மூன்று மாதத்தில் வரும். உள்ளேயிருந்து வரும். ஒவ்வொரு சுமைக்கும் ஒரு மயிரிழை நீளும்.

அந்தக் கேபினில் உட்கார்ந்திருப்பது வேறு யாருமில்லை, உங்கள் பெண்டாட்டி. பதினான்கு மீட்டர் உயரம். இது எனக்கு நினைவிருக்கிறது, உங்களுக்கு இல்லையா?

வெட்டுங்கள். மறுபடி போடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன். முத்திரையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

அக்காவுக்குப் பரிசுக்கு வாழ்த்துச் சொல்லச் சொன்னாள் பிபிகுல்.

கைரொல்லா


தாஸ்கோமிர்
2 ஏப்ரல் 1984

கைரொல்லாவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம்.

நீ கேட்ட விஷயத்துக்குப் பதில்: வலது கால் ஜனவரியிலேயே பரிசோதிக்கப்பட்டது. கண்ணால் பார்த்தார்கள், விரிசல் தெரிகிறதா என்று மண்ணெண்ணெய் தடவியும் பார்த்தார்கள். குறை எதுவும் இல்லை. காகிதம் என்னிடம் இருக்கிறது. இதற்குமேல் இந்தப் பேச்சு வேண்டாம். கடிதங்கள் பல கைகள் மாறித்தான் வருகின்றன என்பது உனக்குத் தெரியாததல்ல. இன்னொன்றும் நினைவில் வை. ஜனவரி பதினேழாம் தேதி சூட்டுப் பதிவேட்டில் 'நூற்றைம்பது' என்ற எண்ணுக்கு எதிரே இரண்டு கையெழுத்து இருக்கிறது. ஒன்று என்னுடையது. இன்னொன்று யாருடையது என்று நான் சொல்ல வேண்டுமா?

மற்றபடி வீட்டில் எல்லோரும் சுகம். மக்பாலுக்குத்தான் முழங்கால் வலி. ஏணி ஏறி இறங்குவது கஷ்டம் என்று மார்ச் நடுவிலேயே அவளைச் சாமான் கிடங்குக்கு மாற்றிவிட்டேன். கிரேனுக்கு ரயீஸா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள், நல்ல சுறுசுறுப்பு. பிபிகுலிடம் சொல், அக்காவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பனி உருகத் தொடங்கிவிட்டது. சேறுதான் எங்கே பார்த்தாலும்.

சத்வாகாஸ்


சூ
9 ஏப்ரல் 1984

சத்வாகாஸ்,

சலாம் இல்லை. உன் ஆடுமாட்டை நான் விசாரிக்கவில்லை. 'நீங்கள்' என்பதும் இன்றோடு முடிந்தது.

முழங்காலாம்! பத்து வருடமாக அந்த ஏணியில் ஆடு மாதிரி ஏறுகிறவளுக்கு மார்ச் நடுவில் முழங்கால் வலி வந்துவிட்டதாம். என் கடிதம் உன் கைக்கு வந்த நாளைக் கணக்குப் பார்த்தேன். மார்ச் பதினாறு, பதினேழு. முழங்காலுக்கு என்ன நல்ல நேரம் பார்க்கத் தெரிகிறது!

குறை இல்லை என்று காகிதம் வைத்திருக்கிறாய். காகிதத்தை நம்புகிறவன் பெண்டாட்டியை ஏனடா கீழே இறக்கினாய்? உனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த அளவுக்கு உனக்கும் தெரியும். தெரிந்துகொண்டு, உன் வீட்டுக்காரியை இறக்கிவிட்டு, எவன் வீட்டுப் பெண்ணையோ தூக்கி அதே நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாய். அவளுக்குச் சுறுசுறுப்பு என்று நற்சான்று வேறு. இதுவரை நீ சோம்பேறி, பயந்தாங்கொள்ளி என்று நினைத்துத்தான் கோபப்பட்டேன். நீ அதுகூட இல்லை.

கையெழுத்தைக் காட்டி மிரட்டாதே. என் கையெழுத்து எனக்குத் தெரியும். தினமும் அந்தக் கையாலேயே சோறு தின்கிறேன்.

பத்து நாள் தருகிறேன். வெட்டியாயிற்று என்று தந்தி கொடு.

கைரொல்லா


சூ
24 ஏப்ரல் 1984

மக்பால் அக்காவுக்கு,

சலாம். சுகமா? பிள்ளைகள் சுகமா? கிடங்கு வேலை எப்படி? தந்தி ஒன்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அதனால் இதை உன் கிடங்கு முகவரிக்கே எழுதுகிறேன். பிபிகுல் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறாள். "எழுது, நான் சொல்றேன் எழுது"ன்னு அவள்தான் பேனாவை எடுத்துக் கொடுத்தாள்.

கிரேனின் வலது கால் பற்று கெட்டது அக்கா. இடது கால் ஏன் வெடித்ததோ அதே காரணம். ராடு ஈரமாக இல்லை. அன்றைக்கு இரும்பு சூடாக இல்லை. உன் வீட்டுக்காரர் எச்சில் துப்பிப் பார்த்து நூற்றைம்பது என்றார். நானும் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். அப்புறம் அடிப்பக்கத்தைச் சுத்தம் பண்ணத் தகட்டின் உள்புறம் குனிந்தேன். வெளியே எச்சில் பொரிந்த இடத்துக்கு நேர் பின்னால் உறைபனி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. கையுறையால் துடைத்தேன். துடைத்துவிட்டு வந்து பற்றவைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் தங்கையிடம்கூட நேற்றுத்தான் சொன்னேன். அவர் பெரிய சகலை, நான் சின்னவன். எல்லோர் முன்னாலும் எதிர்த்துப் பேசினால் நன்றாக இருக்காது என்று நினைத்தேன். அப்புறம் பதிவேட்டில் கையெழுத்தும் போட்டேன்.

இது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் உன்னை இறக்கினார். அந்த ரயீஸாவுக்குத் தெரியாது.

நீ செய்ய வேண்டியது இது. ரயீஸாவை இறங்கச் சொல். பற்றை வெட்டச் சொல். காலை ஏழு மணிக்கு இரண்டு பர்னர் வைக்கட்டும், வெளியே ஒன்று, பக்கத்தில் ஒன்று. சூட்டை உள்பக்கம்தான் பார்க்க வேண்டும், தீ படாத பக்கம். அங்கே நூற்றைம்பது வந்த பிறகுதான் ராடைத் தொட வேண்டும். முடிந்ததும் கல்நார்த் துணி போர்த்தி மெதுவாக ஆற விட வேண்டும். வாயால் யாரும் சொன்னால் நம்பாதே, நீயே நின்று பார்.

என் மேல் உனக்கு என்ன கோபம் வந்தாலும் சரி.

கைரொல்லா


தாஸ்கோமிர்
5 மே 1984

கைரொல்லாவுக்கும் பிபிகுலுக்கும்,

சலாம். நான் சுகமாக இருக்கிறேன். என் முழங்கால் எப்போதும் சுகமாகத்தான் இருந்தது. "ரத்தப் பரிசோதனைல உப்பு இருக்குன்னு டாக்டர் சொன்னார்"னு இந்த மனுஷன் சொன்னார், நானும் மூன்று வாரம் காட்டுப் பிராணி பேட்ஜரின் கொழுப்பைத் தடவிக்கொண்டு கிடந்தேன், முட்டாள் மாதிரி.

தம்பி, உன்னை முதலில் திட்டிவிடுகிறேன். நீ நூர்பெயிஸை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தாய். ஆப்பிள் கொண்டுபோனாய். அவன் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் சுமைய சாய்ச்சுக் கட்டிட்டேன் போல, உன்னையும் சேத்து மாட்டிவிட்டேன்"னு சொன்னான். நானும் அங்கேதான் நின்றேன். அப்போதும் நீ ஒன்றும் சொல்லாமல் ஆப்பிளைத் தோல் சீவிக்கொண்டிருந்தாய். எப்படி முடிந்தது உனக்கு? என் புருஷனை நீ என்னவெல்லாம் சொல்லலாமோ சொல், எனக்கும் அதே கோபம்தான். ஆனால் உனக்கு இதில் பங்கே இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே.

உன் கடிதம் மூன்றாம் தேதி காலையில் வந்தது. கிடங்கைப் பூட்டிவிட்டு நேரே முற்றத்துக்குப் போய் ஏணி ஏறினேன். ரயீஸா சின்னப் பெண், இருபத்தி மூன்று வயது, சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். "எறங்கு"ன்னேன். "ஏன் அக்கா, ஷிஃப்ட் முடியலியே?" "எறங்குடி, அப்புறம் சொல்றேன்." இறங்கினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

பத்து நிமிஷத்தில் இவர் ஓடி வந்தார், தொப்பி இல்லாமல்.

"மக்பால், எறங்கு! சனம் பாக்குது!"

"பாக்கட்டும். வலது கால் எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு! சோதிச்சுப் பாத்தாச்சு, காகிதம் இருக்கு! எறங்கி வா, வீட்டுல பேசலாம்!"

"நல்லாருந்தா நான் இங்க இருக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்? உங்க முகம் ஏன் சுண்ணாம்பு மாதிரி இருக்கு?"

கீழே சுமை கட்டுகிறவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒருத்தன், "முழங்கால் குணமாயிடுச்சா அக்கா?"ன்னு கேட்டுச் சிரித்தான். எனக்கு வந்த கோபத்தில் கண்ணே தெரியவில்லை. மணியை அடித்தேன். "எல்லாரும் வெலகிப் போங்க! பன்னெண்டு டன் தூக்கப் போறேன்!"னு கத்தினேன்.

நான் தூக்கியிருக்க மாட்டேன் தம்பி. எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் நெம்புகோல் மேல் கையை வைத்தேன், அது கீழேயிருந்து தெரிந்தது.

இவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு வலது காலுக்கு நேரே வந்து நின்றார். "தூக்காதே! ஐயோ தூக்காதே மக்பால், ஒடைஞ்சிரும்!"னு அலறினார். முற்றம் முழுக்கக் கேட்டது. ரயீஸா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள், கையிலிருந்த விதையெல்லாம் கீழே கொட்டிப்போயிருந்தது.

நான் இறங்கினேன். கிரேன் சாவியை எடுத்து என் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். நேற்று வெட்டினார்கள். சூடு பார்க்கும் மெழுகுக்குச்சி இன்னமும் வரவில்லையாம். ரொட்டித் தொழிற்சாலைக்குப் போய் அடுப்புச் சூடு பார்க்கும் கருவியை வாங்கி வந்தேன். இன்றைக்குக் காலை ஏழு மணிக்குப் பர்னர் வைத்தாயிற்று. நீ சொன்ன மாதிரி உள்பக்கம்தான் பார்க்கிறேன், நானே. ஒன்பது மணிக்கு நாற்பத்தைந்து. வெளிப்பக்கத்தில் எச்சில் அப்போதே பொரிந்தது, துப்பிப் பார்த்தேன். அவர் பக்கத்தில்தான் நின்றார்.

இதை ஒரு பெட்டி மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி பன்னிரண்டு, நூற்றுப் பதினெட்டு.

பிபிகுலை அழ வேண்டாம் என்று சொல்.

மக்பால்


தாஸ்கோமிர்
12 மே 1984

அன்புள்ள கைரொல்லாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய விரும்புகிறேன். உன் ஏப்ரல் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. எழுத முடியவில்லை.

வேலை முடிந்தது. ஒன்றரை மணிக்கு உள்பக்கம் நூற்றைம்பது வந்தது. முடியும் வரை அதற்குக் கீழே இறங்க விடவில்லை. பழைய பற்றில் விரிசல் இருந்தது, ஒரு சாண் நீளம். வெளியே வர இரண்டு விரல்தான் பாக்கி. நீ சொன்னது சரி. இதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்லிவிட்டேன்.

டைரக்டரிடம் இது கோடைக்கால வழக்கமான ரிப்பேர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். முற்றத்தில் நான் கத்தியதைக் கேட்டவர்கள், பெண்டாட்டிக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் கத்தினான் என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதை அப்படியே விடலாம். இப்போது யாருக்கும் ஆபத்து இல்லை. ஜனவரிப் பதிவேட்டைக் கிளறினால் உனக்கும் எனக்கும் கேடுதான் வரும், வேறு யாருக்கும் நன்மை இல்லை. உன் தகுதியைத் திருப்பித் தரலாம் என்று பரிந்துரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜூன் பதினைந்தில் தகுதிக் கமிட்டி கூடுகிறது. முத்திரை என் மேஜையில்தான் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள். பழைய வீடும் காலியாகத்தான் கிடக்கிறது.

மக்பால் என்னிடம் பேசுவதில்லை. தேநீரை ஊற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். நீ ஒரு வார்த்தை எழுதினால் கேட்பாள். நாம் இருவரும் ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்கள். எனக்காக இல்லாவிட்டாலும் பிள்ளைகளுக்காக எழுது.

உன் பதிலை எதிர்பார்க்கும்
சத்வாகாஸ்


சூ
20 மே 1984

சத்வாகாஸுக்கு,

சலாம். நாங்கள் சுகம். விரிசல் வெளியே வருமுன் வெட்டியாயிற்று என்று படித்ததும் பிபிகுல் ரொட்டி சுட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்தாள். எதற்கு என்று கேட்டவர்களுக்கு அவள் காரணம் சொல்லவில்லை.

அக்காவுக்கு நான் உனக்காக ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன். அவள் பேசாமல் இருப்பது உன்னைக் கொல்கிறது என்றால், நல்லது, கொல்லட்டும். ரயீஸாவின் அம்மாவிடம் போய் நின்று பார், அவள் பேசுவாள்.

இப்போது யாருக்கும் ஆபத்து இல்லை என்கிறாய். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், கிரேன் ஓடுகிறது, சகலைகள் ஒன்று சேரலாம், என்னுடைய முத்திரை உன் மேஜையில் கிடக்கிறது. எவ்வளவு அழகாகப் பூசி மெழுகிவிட்டாய்! ஜனவரியில் நீ இதைத்தான் செய்தாய், நானும் பக்கத்தில் நின்று மெழுகினேன். மறுபடி என்னைக் கூப்பிடாதே.

போன திங்கட்கிழமை இரண்டு கடிதம் பதிவுத் தபாலில் போட்டேன். ஒன்று விசாரணைக் கமிட்டிக்கு. தகடு எவ்வளவு குளிராக இருந்தது, நீ என்ன சொன்னாய், நான் எதைத் துடைத்தேன், பதிவேட்டில் யார் யார் பொய் எழுதினோம், எல்லாம் வரிசையாக இருக்கிறது. என் பெயரைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன். ஜூன் பதினைந்தில் எனக்கு முத்திரை கிடைக்காது. இனி எப்போதுமே கிடைக்காது என்று இங்கே ஆலையின் வக்கீல் சொல்கிறார். கேட்டுவிட்டுத்தான் தபாலில் போட்டேன்.

இரண்டாவது கடிதம் நூர்பெயிஸுக்கு. அதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று, கமிட்டிக்கு ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டேன். அவனிடம் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை, கேட்க எனக்கு வாய் இல்லை. நீ சுமையைச் சரியாகத்தான் கட்டினாய், உன் காலை எடுத்தது நாங்கள் இருவரும் என்று மட்டும் எழுதினேன்.

இந்நேரம் அவனுக்குக் கிடைத்திருக்கும். அவன் உன் வீட்டுக் கதவைத் தட்டினால் திற.

கைரொல்லா